சாவி யாரிடம் இருக்கும்?



2025 ஜூலையில் பாரிசிலிருந்து என் அக்கா மகன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். சேன் நதியில், இடுப்பில் மஞ்சள் மிதவையைக் கட்டிக்கொண்டு ஆண்களும் பெண்களும் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். "மாமா, 102 வருஷத்துக்கு அப்புறம் ஆத்துல இறங்க விட்டுட்டாங்க" என்று கீழே எழுதியிருந்தான்.

சேன் நதியில் குளிக்கக் கூடாது என்று பாரிசில் 1923-இல் தடை போட்டார்கள். மேயராக இருந்த ழாக் சிராக், மூன்று வருடத்தில் நானே நீந்திக் காட்டுகிறேன் என்று 1990-இல் சொன்னார். அவரால் முடியவில்லை. 2024 ஒலிம்பிக்கை ஒட்டி ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவழித்துத் தண்ணீரைச் சுத்தம் செய்தார்கள். 2025 ஜூலை 5-ஆம் தேதி மூன்று இடங்களில் பொதுமக்களை இலவசமாக இறங்கவிட்டார்கள்.

அடுத்த வாரத்துக்குள், ஜூலை 11 அன்று, அதே பாரிசில் கூடிய யுனெஸ்கோ குழு நம் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் கோட்டைகள் 12. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. செஞ்சிக்காரர்களான நமக்கு எவ்வளவு பெருமை என்று சொல்ல வேண்டியதில்லை. கடைத்தெருவில் அதே பேச்சுதான்.

இரண்டு செய்தியையும் என் பேத்தியிடம் சொன்னேன். அவள் ஏழாவது படிக்கிறாள். கேட்டுவிட்டு, "அப்போ நம்ம செட்டிகுளத்துலயும் இறங்கலாமா தாத்தா?" என்றாள்.

"அது தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கும்மா. இறங்கக் கூடாது."

"வேற எங்க நீச்சல் கத்துக்கறது?"

பதில் சொல்ல முடியவில்லை. முறையான நீச்சல் குளம் என்றால் விழுப்புரத்துக்குத்தான் போக வேண்டும். போக வர 75 கிலோமீட்டருக்கு மேல். இந்தக் கட்டுரை அவள் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது.

செஞ்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது தண்ணீரை மதித்துக் கட்டிய ஊர். ராஜகிரியின் அடிவாரத்தில் செட்டிகுளம், சக்கரகுளம். கல்யாண மகால் பக்கம் ஆனைக்குளம். மகாலின் மேல் அடுக்குகள் வரை சுட்ட மண் குழாயில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். பாறைகளுக்கு நடுவே சுனைகள் வேறு. 1714-இல் மாண்ட தேசிங்கு ராஜனைச் செட்டிகுளத்தின் கரையில்தான் எரியூட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இத்தனை குளம் இருக்கும் ஊரில் ஒரு பெண் குழந்தை நீந்தக் கற்க இடமில்லை.

நான் நீந்தக் கற்றது குளத்தில் அல்ல, கிணற்றில். அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை. அங்கே பிரெஞ்சு வழியில் படித்தேன். கோடை விடுமுறைக்கு ஆயா வீட்டுக்கு, செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு வருவோம். கவலை ஓட்டிய பெரிய கிணறு. பக்கச் சுவரில் நீட்டிய கல் படிகள். மாமா என் முதுகில் இரண்டு சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டார். நாலாம் நாள் ஒரு குடுக்கையை அவிழ்த்தார். ஏழாம் நாள் இரண்டையும். தண்ணீர் குடித்து, மூக்கு எரிந்து, அழுது, பத்து நாளில் கற்றுக்கொண்டேன்.

அக்கா கிணற்று மேட்டில் துண்டோடு நிற்பாள். "எனக்கும் கட்டி விடுங்க மாமா" என்று ஒருமுறை கேட்டாள். ஆயா ஒரு முறை முறைத்தாள், அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அக்கா கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனாள். 45 வயதுக்கு மேல் அந்த ஊர் நகராட்சி நீச்சல் குளத்தில், சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டதாகக் கடிதம் எழுதினாள். "ஆயா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கடைசி வரி. அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

புதுச்சேரி பள்ளியில் வரலாறு என்றால் பிரான்சின் வரலாறுதான். 1789-இல் புரட்சிக்கு முன்னால் மன்னர் நாட்டு மக்களின் குறைகளைக் கேட்டார் என்று படித்தோம். ஊர் ஊராகக் கூடி, குறைகளை ஒரு நோட்டில் எழுதி அனுப்பினார்கள். 'காயே தெ தொலெயான்ஸ்' என்று பெயர். குறைப் புத்தகம் என்று சொல்லலாம். அப்படி ஏறத்தாழ 60 ஆயிரம் புத்தகங்கள் எழுதப்பட்டன. உப்பு வரி, வேட்டை உரிமை, பாலம், கிணறு என்று எல்லாம் அதில் வரும். எங்கள் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: "எழுதத் தெரியாதவனின் குறையை யார் எழுதியது?" வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. அவரே சொன்னார்: "எழுதத் தெரிந்தவன். தனக்குப் பிடித்த மாதிரி."

அன்று அது எனக்குச் சரியாகப் புரியவில்லை. பிறகு தட்டெழுத்து படித்து, தேர்வு எழுதி, 1970-களில் தமிழ்நாடு அரசு வேலையில் எழுத்தராகச் சேர்ந்தேன். எழுதத் தெரிந்தவன் நானாகிவிட்டேன்.

1980-களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. ஊர் பெயரும் அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். அந்தச் சிற்றூரின் நடுவில் ஒரு குளம். ஒரு கரையில் சலவைத் தொழிலாளர்கள் துவைப்பார்கள். மறுகரையில் பையன்கள் குதிப்பார்கள். அதைத் தூர்த்துக் கடைகள் கட்டலாம் என்று முடிவாயிற்று. விதிப்படி பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்க வேண்டும், கெடு 30 நாள். அறிவிப்பைத் தட்டச்சு செய்தது நான். அலுவலக விளம்பரப் பலகையில் ஒட்டியதும் நான். பலகை சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. தண்டோரா போட்டதற்கான கூலிச் சீட்டு கோப்பில் இருந்தது. தண்டோரா சத்தத்தை மட்டும் நான் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் மாலை கோப்பில் குறிப்பு எழுதினேன்: 'குறித்த காலத்திற்குள் ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை.' கையெழுத்தாகி மேலே போயிற்று.

இரண்டு நாள் கழித்து சலவைத் தொழிலாளர் ஒருவர் வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்படியிலேயே நின்றார்.

"ஐயா, குளத்தைத் தூர்க்கறாங்களாமே?"

"ஆமாம். ஆட்சேபணை இருந்தா முப்பது நாளைக்குள்ள சொல்லச் சொல்லி ஒட்டியிருந்தோமே. கெடு முடிஞ்சுபோச்சு."

"எங்கங்க ஒட்டியிருந்தீங்க?"

கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு தகவல் போலத்தான் சொன்னார். நான் உள்ளே போய் வேலையைப் பார்த்தேன்.

அன்று நான் ஒன்று செய்திருக்கலாம். அவர் சொன்னதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கைநாட்டு வாங்கி, 'காலங்கடந்து வரப்பெற்றது, பரிசீலிக்கலாம்' என்று ஒரு குறிப்போடு அனுப்பியிருக்கலாம். கெடு முடிந்தபின் வந்த மனுக்களை, வேண்டியவர்கள் கொடுத்தால் அப்படி அனுப்பியதுண்டு. இவருக்குச் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

குளம் போயிற்று, கடைகள் வந்தன. பையன்கள் ஊருக்கு வெளியே கல் உடைத்த குவாரிக் குட்டைக்குக் குளிக்கப் போனார்கள். நான் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனபின், அந்தக் குட்டையில் இரண்டு சிறுவர்கள் மூழ்கியதாகச் செய்தித்தாளில் நான்கு வரி படித்தேன். குளம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் குவாரிக் குட்டைக்குப் படி கிடையாது. விளிம்பிலிருந்து ஒரே இறக்கம். ஏறப் பிடி கிடைக்காது. குளத்துக்கு நாலு பக்கமும் படி இருந்தது, கரையில் எப்போதும் துவைக்கிற ஆட்கள் இருந்தார்கள். இது எனக்குத் தெரியும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் நீரில் மூழ்கி இறப்பவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021-இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. என்ன செய்யலாம் என்று அந்த நிறுவனம் தரும் பட்டியலில் தண்ணீரைச் சுற்றித் தடுப்பு அமைப்பதும் இருக்கிறது, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தருவதும் இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்கிறார்கள். நம் ஊர்களில் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இனி 2025 ஆகஸ்ட் 15-க்கு வருகிறேன். என் மைத்துனர் கிராமத்தில் இருக்கிறார். "கிராம சபையில குளத்தைப் பத்திப் பேசறாங்க, வாங்க மாமா" என்று கூப்பிட்டார். செஞ்சி பேரூராட்சி, நான் அந்த ஊராட்சியின் வாக்காளன் இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

விஷயம் இதுதான். கோடையில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் வயல் கிணற்றில் இறங்கி இறந்துபோனான். ஊரே உடைந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு, ஊர்க் குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுக் கதவு வைத்துப் பூட்டிவிடலாம் என்ற யோசனை வந்தது. பையன் செத்தது கிணற்றில், பூட்டப்போவது குளத்தை. துக்கத்தில் இருப்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

கூட்டம் பள்ளிக்கூட வளாகத்தில் நடந்தது. 500-க்கு மேல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சி என்றால் 100 பேராவது வந்திருக்க வேண்டும். வந்திருந்தார்கள். முன்னால் நாற்காலியில் ஆண்கள், பின்னால் வேப்பமரத்தடியில் பெண்கள். அரை மணி நேரம் வரவு செலவு வாசித்தார்கள். பிறகு குளம்.

பெரியவர் ஒருவர் எழுந்து, "உயிரு பெருசா, குளியலு பெருசா? வேலியைப் போடுங்க" என்றார். கைதட்டினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும் போலிருந்தது.

அப்போது கிழக்குத் தெருவிலிருந்து ஒருவர் எழுந்தார். காலனி என்றே சொல்லிப் பழகிய தெரு; அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாக 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"வேலி போடுங்க, வேண்டாங்கல. எங்க அப்பா காலத்துல அந்தப் படித்துறையில நாங்க கால வெக்க முடியாது. எங்க பெரியவங்க கேட்டுக் கேட்டுத்தான் இறங்கினோம். இப்போ கதவு போட்டுப் பூட்டினா, சாவி யார்கிட்ட இருக்கும்? அதை மட்டும் சொல்லிடுங்க."

கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது.

எனக்கு மகாட் ஞாபகம் வந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்து மகாட் ஊரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சவுதார் குளத்துக்கு நடந்துபோய்க் கை நிறையத் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் எல்லோருக்கும் உரியது என்று நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளம் பழையபடி இருந்தது.

நம் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921-ஆம் ஆண்டுகள். குடவோலை எடுத்து வாரியங்களைத் தேர்ந்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே ஒன்று இருந்தது. பெருமைதான். ஆனால் நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போக முடியும். அந்த ஏரியில் குளித்த, துவைத்த, மாடு கழுவிய மற்றவர்கள் பெயர் போகாது.

கூட்டத்தில் அடுத்து எழுந்தது மரத்தடியில் இருந்த ஒரு பெண். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர். "பசங்கள பத்தியே பேசறீங்க. பொட்டப் புள்ளைங்களுக்கு யார் நீச்சல் கத்துக் குடுத்தீங்க? துணி துவைக்கப் போய் வழுக்கி விழுந்தா நாங்க என்ன பண்றது? எங்களுக்கு ஒரு கரை, ஒரு நேரம் ஒதுக்குங்க. நாங்களும் கத்துக்கறோம்" என்றார். சிலர் சிரித்தார்கள். மைத்துனரின் மனைவி மரத்தடியிலிருந்து, "இதுல என்னங்க சிரிப்பு?" என்று சத்தமாகக் கேட்டதும் நின்றது. எனக்குக் கிணற்று மேட்டில் துண்டோடு நின்ற அக்கா கண்ணில் வந்தாள்.

என்னைப் பேசச் சொன்னார்கள். வங்கதேசத்தைப் பற்றி நான் படித்திருந்ததைச் சொன்னேன். அங்கே கிராமக் குளங்களிலேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, ஆழமில்லாத அந்தச் சதுரத்துக்குள் 4 வயதிலிருந்து 12 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 நொடி மிதக்க வேண்டும், மூழ்குபவரைக் குதித்துப் பிடிக்காமல் கரையிலிருந்து கோலோ துணியோ நீட்டிக் காப்பாற்றத் தெரிய வேண்டும். இதற்குப் பளிங்குக் கல் பதித்த நீச்சல் குளம் தேவையில்லை. மூங்கில், கயிறு, பயிற்சி பெற்ற ஓர் ஆள், இவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு நடந்தது. கடைசியில் ஒருவாறு ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆழமான தெற்குக் கரையில் மட்டும் தடுப்பு. மற்ற இரண்டு கரையிலும் உடைந்த படிகளைச் சரிசெய்வது. ஒரு மூலையில் பிள்ளைகளுக்கு மூங்கில் தடுப்பு. காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு. கதவும் பூட்டும் இல்லை.

ஊராட்சிச் செயலர் சின்னப் பையன். எழுத உதவச் சொல்லி என்னிடம் தாளைத் தந்தார். "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டதுன்னு போட்டுடலாம் சார், வழக்கமா அப்படித்தான்" என்றார்.

நானும் பணியில் இருந்த காலமெல்லாம் அந்தச் சொல்லை எழுதியவன். எழுதினால் கோப்பு சுலபமாக நகரும். ஆனால் அன்று கை ஓடவில்லை. "வேண்டாம் தம்பி. முழு வேலி கேட்டவங்க இருக்காங்க. அவங்க சொன்னதையும் எழுதுவோம். சாவியைப் பத்திக் கேட்டவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுவோம். அந்த அம்மா கேட்டதையும்" என்றேன். எழுதி, ஒவ்வொருவரிடமும் போய்ப் படித்துக் காட்டினேன். வேலி கேட்ட பெரியவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர். நான் அவர் சொன்னதை வாசித்ததும், "ஆமா, அப்படித்தான் சொன்னேன்" என்று சொல்லிப் பெருவிரலை நீட்டினார். அவர் பெயரை எழுதும்போது, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நின்று பலகையைப் பார்த்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். அவர் பெயரைக்கூட நான் அன்று கேட்கவில்லை.

தீர்மானம் ஊராட்சி ஒன்றியத்துக்குப் போயிருக்கிறது. இதை எழுதும் வரை வேலை எதுவும் தொடங்கவில்லை. நிதி வருமா என்று தெரியாது. கோப்பு எப்படி நகரும், எந்த மேசையில் தூங்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மாதம் ஒருமுறை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே இருப்பவர்கள் 'மறுபடி வந்துட்டாரு' என்பது போலப் பார்க்கிறார்கள். என் காலத்தில் இப்படி வந்தவர்களை நானும் அப்படித்தான் பார்த்தேன்.

செஞ்சிக்கும் இது வேண்டும். கோட்டைக் குளங்களில் இறங்கக் கூடாது என்பதை நான் குறை சொல்லவில்லை. முந்நூறு வருடத்துக் கற்படி, அது நிலைக்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான தூண்கள் இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. பள்ளி நாளில் அவற்றின் நிழலில் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறேன். அவற்றை எடுத்துப்போகும்போது செஞ்சிக்காரர் ஒருவரையும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது உலகப் பட்டியலில் சேர்ந்திருக்கிறோம், சுற்றுலாவுக்கு என்னென்னவோ திட்டங்கள் வரும். வாகனம் நிறுத்த இடம், விளக்கு, கழிப்பறை எல்லாம் வேண்டியதுதான். கூடவே, கோட்டைக்கு வெளியே ஊர்ப் பிள்ளைகள் நீந்த ஓர் இடம் வேண்டுமா என்று யாராவது கேட்டால் நன்றாயிருக்கும். கேட்காவிட்டால் நாமே போய்ச் சொல்ல வேண்டும். என் பங்குக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துக் கையெழுத்திட விரும்புகிறவர்கள் மாலையில் வீட்டுக்கு வரலாம். படிக்கத் தெரியாதவர்களையும் கூட்டி வாருங்கள், நான் வாசித்துக் காட்டுகிறேன்.

பேத்திக்கு இந்தப் பள்ளி விடுமுறையில் மைத்துனர் ஊர்க் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றுத்தரலாம் என்று என் மகன் சொல்கிறான். குடுக்கை கிடைக்கவில்லை, பிளாஸ்டிக் கேன் இருக்கிறது. எனக்கு 74 வயது, கல் படியில் இறங்க முழங்கால் விடாது. கிணற்று மேட்டில் துண்டோடு நான் நிற்பேன். பிரான்சில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். "வீடியோ எடுத்து அனுப்புடா" என்றாள்.